சாசிப் மீசையும் என் நைலானும்

என் புருஷன் சாசிபுக்கு ஐம்பத்திரண்டு வயசு. இத்தனை வருஷத்துல அவர் செஞ்ச தப்பு ஒண்ணுகூடக் கிடையாது. நான் சொல்லலைங்க, அவரே சொல்லுவாரு. பஸ்ராவுல அஷார் கடைத்தெருவுல கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வெச்சிருக்காரு. ஒரு தடவை யாரோ குடுத்த பெரிய மானிட்டரைக் கையிலேருந்து நழுவ விட்டுட்டாரு. அது சுக்கல் சுக்கலா ஆயிடுச்சு. உடனே கட்டட ஓனருக்கு ஃபோன் போட்டு, "உன் தரை சரியில்லைய்யா, ஒரு பக்கமா ஏறியிருக்கு"ன்னு சண்டைக்குப் போனாரு. என் டீ கெட்டிலைப் பழுது பார்க்கறேன்னு பிரிச்சாரு. அது பட்டுனு வெடிச்சுது. "கெட்டிலுக்கு மனசு சரியில்லை"ன்னுட்டாரு.

தப்பு எல்லாம் தூசி மேல, வெயில் மேல, கவர்மெண்டு மேல, சீனாக்காரன் மேல. யாரும் கிடைக்கலைன்னா என் மேல.

கோடையிலதான் இவருக்குக் கொண்டாட்டம். வெளியே ஐம்பது டிகிரி கொளுத்தும். ஊர்ல இருக்கற கம்ப்யூட்டர் பூரா மயக்கம் போட்டு விழும். டீக்கடைக்காரன் ஒருத்தன் கம்ப்யூட்டர் பொட்டி மேல ஐஸ் மூட்டையை வெச்சு, தண்ணி ஒழுக ஒழுகத் தூக்கிட்டு வந்தான். ஒரு டீச்சரம்மா, பாவம் சூடா இருக்கேன்னு, பொட்டியோட மூடியைக் கழட்டி, தண்ணி ஊத்தி ஓட்டற ஏர் கூலருக்கு எதிர்ல வெச்சுட்டாங்க. நம்ம ஊர்க் குழாய்த் தண்ணி கடல் தண்ணிக்கு அக்கா. ஈரமும் உப்பும் தூசியும் ஒண்ணாச் சேர்ந்து உள்ளே சேறு மாதிரி அப்பிக்கிச்சு. அதை இவர் கரண்டியால சுரண்டி எடுத்தாரு. என் கரண்டிதான், வேற யாரு கரண்டி.

"பிராசஸர்ங்கறது தலை மாதிரி. அது மேல உக்கார்ற அலுமினியக் கட்டியும் ஃபேனும்தான் அதோட சூட்டை வாங்கி வெளியே விடணும். ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்கணும். நடுவுல காத்துகூடப் போகக் கூடாது"ன்னு வர்றவங்களுக்கெல்லாம் பாடம் நடத்துவாரு. நடத்தும்போது ஒரு கை மீசையிலேயே இருக்கும்.

அந்த மீசையைப் பத்திச் சொல்லியாகணும். அடர்த்தியா, ரெண்டு முனையும் கன்னத்துல இறங்கி நிக்கும். வியாழக்கிழமை தவறாம மை பூசுவாரு. சட்டைப்பையில அதுக்குன்னு ஒரு குட்டிச் சீப்பு. எங்க கல்யாண நாளை எத்தனையோ தடவை மறந்திருக்காரு, அந்தச் சீப்பை ஒருநாள் மறந்ததில்லை. மீசைக்கு அடியில என்ன இருக்குன்னு இருபத்தஞ்சு வருஷமா நான் பார்த்ததே இல்லை.

சரி, என் பைத்தியத்தையும் சொல்லிடறேன். நியாயம்னு ஒண்ணு இருக்கில்ல. எனக்கு நைலான்.

புதுசா ஒரு சாமான் வீட்டுக்குள்ள வந்தா, அது மேல கடைக்காரன் சுத்திக் குடுத்த நைலானைப் பிரிக்க விடமாட்டேன். சோஃபா, ஃப்ரிட்ஜ், டிவி, டிவி ரிமோட், சுவர்க் கடிகாரம், எல்லாம் உறையோடதான். எங்க நாட்டு மேல உலகமே வியாபாரத் தடை போட்டிருந்த காலத்துல, விலை ஏறிக்கிட்டே போனப்போ, எங்க வீட்டுக் கதவைக்கூடக் கழட்டி வித்துச் சாப்பிட்டோம். பதிமூணு வருஷம் ஒரு புது ஸ்பூன்கூட வாங்காதவ நான். அதுக்கப்புறம் புதுசுன்னு ஒண்ணு வந்தா, அது புதுசாவே இருக்கட்டுமேன்னு தோணாதா? மெத்தை மேலயும் ஏழு வருஷம் நைலான் இருந்துச்சு. திரும்பிப் படுத்தாலே படபடன்னு சத்தம். பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள், "உங்க வீட்டுல தினமும் யாராவது சிப்ஸ் பாக்கெட் பிரிக்கறாங்களா?"ன்னு கேட்டுட்டா. அன்னிக்குத்தான் பிரிச்சேன்.

எங்களுக்கு ஒரே பொண்ணு, சுஹாத். அவளை லஃப்தாவோட பையன் முந்தருக்குக் கேட்டிருந்தாங்க. லஃப்தா எங்க தெரு ஜெனரேட்டர்காரர். கவர்மெண்டு கரண்டு போனா அவர்தான் எங்களுக்கு வெளிச்சம். இவரும் அவரும் பட்டாளத்துல ஒரே பள்ளத்துல ஒரே கம்பளியை இழுத்து இழுத்துப் போத்திக்கிட்டவங்க. அவருக்கும் மீசை உண்டு. இவர் மீசையைவிட அரை விரல் அகலம். அதுல இவருக்கு உள்ளூர ஒரு எரிச்சல்.

முந்தர், வீடு கட்ட பிளான் வரையறவன். அவனோட கம்ப்யூட்டர்ல பிராசஸர் ஃபேன் சத்தம் போடுதுன்னு கொண்டு வந்தாங்க. வருங்கால மாப்பிள்ளையோட பொட்டியாச்சே, கடையில வெச்சுச் செஞ்சா மரியாதை இல்லைன்னு, வீட்டுக்கே தூக்கிட்டு வந்து சோஃபாவுல உக்காந்து செஞ்சாரு. புது ஃபேன், புது அலுமினியக் கட்டி, அடியில செம்பு பளபளன்னு மின்னுது. நான் சமையல்கட்டுல மீன் சுத்தம் பண்ணிக்கிட்டு இருந்தேன். சர்ருனு நைலான் பிரியற சத்தம் கேட்டுச்சு. எனக்கு அந்தச் சத்தம் கேட்டா ரத்தம் தலைக்கேறிடும்.

"யோவ்! எதைய்யா பிரிக்கறே? கையை எடு!"ன்னு திரும்பிக்கூடப் பார்க்காம கத்தினேன்.

"சரி, சரி, எடுத்துட்டேன்"னாரு.

அவ்வளவுதான். மீன் வேலையில நானும் மறந்துட்டேன்.

பத்து நாள் போச்சு. அந்த வெள்ளிக்கிழமை லஃப்தா தன்னோட குலத்துப் பெரியவங்களை எல்லாம் கூட்டிக்கிட்டு முறைப்படி பொண்ணு கேட்க வர்றதா ஏற்பாடு. திங்கக்கிழமை மத்தியானம் நான் கடைக்குச் சாப்பாடு கொண்டு போயிருந்தேன். லஃப்தா அந்தப் பொட்டியைத் தூக்கிக்கிட்டு மூச்சு வாங்க வந்து நின்னாரு.

"சாசிபு, இது முன்னாடி சத்தம்தான் போட்டுச்சு. இப்ப செத்தே போகுதுடா. போட்ட எட்டாவது நிமிஷம் நூறு டிகிரியைத் தொடுது, டப்புனு அணைஞ்சுடுது. பையன் ஒரு பிளான்கூட முடிக்க முடியலை."

இவர் பொட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கலை. "உன் கரண்டு அப்படி"ன்னாரு.

"என் கரண்டுக்கு என்ன?"

"ஏறுது, இறங்குது. குடிகாரன் மாடிப்படி ஏறற மாதிரி. பிராசஸர் பாவம் என்ன பண்ணும்?"

தெருவுல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, லஃப்தாவை என்ன வேணா சொல்லலாம், அவர் கரண்டைச் சொல்லக் கூடாது. அவர் முகம் தக்காளி ஆயிடுச்சு. "டேய், நீ மாட்டினதுல கோளாறு. கழட்டிப் பாரு."

"நான் மாட்டினதையா? முப்பது வருஷ கைடா இது!" இவர் ஸ்டூல்லேருந்து எழுந்துட்டாரு. தெருவுல நாலு பேர் நின்னாங்க, நாலு நாப்பதாச்சு. இவருக்குக் கூட்டத்தைப் பார்த்தா குஷி வந்துடும். வலது கையை மீசை மேல வெச்சாரு. "என் வேலையில தப்புன்னா இதை எடுத்துடறேன். உன் கரண்டுல தப்புன்னா?"

லஃப்தாவும் மீசை மேல கையை வெச்சுட்டாரு. "நான் எடுத்துடறேன். நீயே பார்த்துச் சொல்லு. நீ சொன்னா அதான் முடிவு."

கூட்டம் ஓன்னு கத்துச்சு. ரெண்டு பேரும் மீசையில வெச்ச கையை எடுக்கவே இல்லை. அப்பதான் ரெண்டு பேருக்கும் வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்துச்சு. எனக்கு அதுக்கு முன்னாடியே வந்துடுச்சு. எங்க பக்கத்துல மீசை எடுத்த ஆம்பளையைப் பார்த்தா முதல் கேள்வியே, எந்த வார்த்தையில தோத்தான்னுதான். லஃப்தா மீசை போனா அவர் வெட்கப்பட்டுக்கிட்டு வரமாட்டாரு, அப்பன் இல்லாம பொண்ணு கேட்கறது நடக்காது. இவர் மீசை போனா, வந்த பெரியவங்க இவர் மூஞ்சியைப் பார்த்துக் குசுகுசுன்னு பேசுவாங்க. வார்த்தையில தோத்தவன் பொண்ணு வேணுமான்னு ஒரு கிழவன் கேட்டாப் போதும். என் பொண்ணு வாழ்க்கை அன்னியோட நாறிடும்.

"மானம் கெட்ட மனுஷங்களா, உங்க மயிருக்கு நடுவுல என் பொண்ணு மாட்டிக்கிட்டாளே!"ன்னு நான் சோத்துப் பாத்திரத்தை டொக்குனு வெச்சுட்டு வந்துட்டேன்.

செவ்வாய், புதன் ரெண்டு நாளும் அந்தப் பொட்டி எங்க வீட்டுச் சோஃபா முன்னாடிதான் கிடந்துச்சு. இவர் என்னென்னவோ பண்ணினாரு. தூசி ஊதினாரு. பவர் சப்ளையை மாத்தினாரு. பக்கவாட்டுல இன்னும் ரெண்டு ஃபேன் மாட்டினாரு, வீடே விமானம் கிளம்பற மாதிரி இரைஞ்சுது. ஏசிக்கு நேரா வெச்சாரு. எதுக்கும் அது அசையலை. எட்டாவது நிமிஷம் ஆச்சுன்னா டப்பு.

சுஹாத் மெதுவா, "பாபா, அந்த ஃபேனைக் கழட்டிப் பார்த்தீங்களா?"ன்னு கேட்டா.

"அதை நான்ல மாட்டினேன்!"

"அதான் கேட்கறேன்."

"உங்கம்மா மாதிரியே பேசாதே"ன்னாரு. அவ கோபத்துல மாடிக்குப் போயிட்டா.

புதன்கிழமை சாயங்காலம் அதிசயமா கவர்மெண்டு கரண்டு வந்து, ரெண்டு மணி நேரம் போகாம நின்னுச்சு. இவர் குஷியா பொட்டியைப் போட்டாரு. "இப்ப லஃப்தாவோட கரண்டு இல்லை. இப்ப ஓடும் பாரு. ஓடிச்சுன்னா அவன் மீசை காலி"ன்னாரு. நான் நின்னு பார்த்தேன். ஸ்க்ரீன்ல நம்பர் ஏறுது. எழுபது, எண்பது, தொண்ணூறு. இவர் கையில சீப்பு. நூறு. டப்பு.

சீப்பைச் சட்டைப்பையில போட்டாரு. அப்புறம் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, தான் மாட்டின ஃபேனைத் தானே கழட்டினாரு. அலுமினியக் கட்டியைத் திருப்பினாரு. செம்பு மேல ஒரு மெல்லிசு நைலான், கண்ணாடி மாதிரி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அதுல, மாட்டறதுக்கு முன்னாடி உரின்னு சிவப்பா நாலு எழுத்து. சூடு கடத்தறதுக்காகச் செம்பு மேல பூச வேண்டிய, பல்லு விளக்கற பேஸ்ட் மாதிரி வெள்ளைப் பசையை அந்த நைலான் மேலேயே ஒழுங்கா தடவி வெச்சிருந்தாரு. ஒரு ஓரம் மட்டும் நகத்தால கிளப்பி, பாதியில விட்ட மாதிரி மடங்கியிருந்துச்சு.

அந்த ஓரத்தைப் பார்த்ததும் எனக்கு மீன் வாடை அடிச்சுது. சத்தியமா அடிச்சுது. சர்ருனு கேட்ட சத்தம், நான் கத்தினது, சரி எடுத்துட்டேன்னு இவர் சொன்னது, எல்லாம் ஒண்ணா வந்து நெஞ்சுல உக்காந்துச்சு. இவர் சோஃபாவைப் பிரிக்கலை. செம்பு மேல இருந்ததைப் பிரிக்க ஆரம்பிச்சிருக்காரு. இருபத்தஞ்சு வருஷம் நான் கத்திக் கத்திப் பழக்கின கை, என் குரல் கேட்டதும் நின்னுடுச்சு.

அன்னிக்குக் கத்தினதைச் சொல்ல எனக்கு தைரியம் வரலை. நைலானை வெடுக்குனு உரிச்சுக் கைக்குள்ள கசக்கிக்கிட்டேன். "யாரும் பார்க்கலை. பசையைப் போட்டு மாட்டு. கரண்டுதான்னு சொல்லு"ன்னேன்.

"அவன் மீசை போயிடுமேடி."

"போகட்டும்! உன்னுது போனா மட்டும் பொண்ணுக்கு நல்லதா?"

வாசல்ல பெல் அடிச்சுது. லஃப்தா. மூணு நாள்ல கண்ணெல்லாம் குழி விழுந்து, எண்ணெய்க் கறையோட நின்னாரு. உள்ளே வந்து, நைலான் மேல வழுக்கி, ஒருவழியா சோஃபாவுல உக்காந்தாரு. சட்டைப்பையிலேருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரிச்சாரு.

"மூணு நாளா மணிக்கு ஒரு தடவை வோல்ட்டேஜ் அளந்தேன்டா. இருநூத்தி இருபது, இருநூத்திப் பத்தொம்பது, சரியாத்தான் இருக்கு. ஆனா ஒரே ஒரு தடவை இருநூத்தி அஞ்சுக்கு இறங்கிடுச்சு. மறைக்க மனசு வரலை. அதனாலதான் கெட்டுச்சோ என்னமோ. நீ தொழில் தெரிஞ்சவன். என் கரண்டுதான்னு சொல்லு, நான் சலூனுக்குப் போற வழியிலதான் வந்திருக்கேன். வெள்ளிக்கிழமை என் தம்பியை முன்னாடி உக்கார வெச்சுட்டு நான் பின்னாடி ஒளிஞ்சுக்கறேன்."

நான் பின்னாடி நின்னு இவருக்குக் கண்ணைக் காட்டினேன். கரண்டு, கரண்டு, கரண்டுன்னு உதட்டை அசைச்சேன். இவர் அந்தக் காகிதத்தையே பார்த்தாரு. பட்டாளத்துக்காரர் எழுத்து, கோணல் மாணலா, ஒவ்வொரு மணிக்கும் ஒரு வரி.

"டீ குடிச்சுக்கிட்டு இரு. வந்துடறேன்"னு எழுந்து குளியலறைக்குள்ள போயிட்டாரு. தண்ணி சத்தம். ரேசர் தட்டற சத்தம். லஃப்தா என்னைப் பார்த்தாரு, நான் தரையைப் பார்த்தேன்.

வெளியே வந்தாரு. அல்லா! அந்த மூஞ்சியை என்னன்னு சொல்லறது? மூக்குக்கும் வாய்க்கும் நடுவுல மைதானம் மாதிரி ஒரு வெள்ளை வெளி, அதுக்குக் கீழே உதடுன்னு ஒண்ணு இருந்தும் இல்லாம. இத்தனை நாளா ஒரு முயலோட குடும்பம் நடத்தியிருக்கேன். என்கிட்ட வந்து, "கையை நீட்டு"ன்னாரு. நீட்டினேன். விரலைப் பிரிச்சு, கசங்கின நைலானை எடுத்து, லஃப்தா உள்ளங்கையில வெச்சாரு.

"செம்பு மேல இருந்துச்சு. நான் உரிக்கலை. உன் கரண்டு தங்கம்டா. தப்பு என்னுது."

லஃப்தா நைலானைப் பார்த்தாரு, மூஞ்சியைப் பார்த்தாரு. முதல்ல ஒரு சின்ன விக்கல் மாதிரி வந்துச்சு. அப்புறம் பிச்சுக்கிச்சு. சிரிச்சுச் சிரிச்சுச் சோஃபாவுலேருந்து வழுக்கித் தரையில விழுந்துட்டாரு. "டேய், இதைத்தானா பட்டாளத்துலேருந்து மறைச்சு வெச்சிருந்தே!" கண்ணைத் துடைச்சுக்கிட்டு எழுந்து இவரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு. அப்புறம் கேட்டாரு: "ஆனா எப்படிடா மறந்தே? தூக்கத்துலகூட உரிக்கற கையாச்சேடா இது?"

நான் டீ எடுத்துட்டு வர்ற சாக்குல சமையல்கட்டுப் பக்கம் திரும்பினேன்.

"மறந்துட்டேன். அவ்வளவுதான்"னாரு. என் பக்கம் திரும்பவே இல்லை.

பசையைப் போட்டு மாட்டினாரு. ரெண்டு மணி நேரம் ஓடியும் அறுபதைத் தாண்டலை. லஃப்தா பொட்டியைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாரு.

வெள்ளிக்கிழமை காலையில இவர் தொழுகைக்குப் போனதும் நான் கத்திரிக்கோலை எடுத்தேன். பதினொரு வருஷம் சோஃபா மேல இருந்த நைலான். சுஹாத் ஓடி வந்து, "யும்மா, உடம்பு சரியில்லையா?"ன்னு நெத்தியைத் தொட்டுப் பார்த்தா. எல்லாத்தையும் உரிச்சு மூட்டை கட்டினோம். இத்தனை வருஷமா தங்கக் கலர்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தேன், நைலானை எடுத்தா வெறும் வெளிர் மஞ்சள்.

பெரியவங்க இருபது பேர் வந்தாங்க. நான் கதவு இடுக்குல நின்னேன். ரொம்ப மூத்தவர் டீயைத் தொடாம வெச்சாரு. கேட்டது கிடைக்கற வரைக்கும் குடிக்க மாட்டாங்க, முறை அப்படி. அவர் இவர் மூஞ்சியையே உத்துப் பார்த்தாரு. "சாசிபு, உன் மீசைக்கு என்னப்பா ஆச்சு?"

சுஹாத் என் கையை இறுக்கிப் பிடிச்சா. பக்கத்துல லஃப்தா தன் அகல மீசையோட உக்காந்திருந்தவர், முந்திக்கிட்டுச் சொன்னாரு: "சூடு தாங்கலை பெரியவரே. நான்தான் எடுக்கச் சொன்னேன். வார்த்தையைக் காப்பாத்தற மனுஷன், சொன்னதும் எடுத்துட்டான்."

பெரியவர் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாரு. தெருவே சிரிச்ச கதை அவருக்கு மட்டும் தெரியாதா என்ன? "அப்படிப்பட்டவன் வீட்டுலதான் பொண்ணு எடுக்கணும்"னாரு. இவர் சம்மதம் சொன்னாரு. பெரியவர் டீயை ஒரே மூச்சுல குடிச்சாரு. நான் குலவை போட்ட சத்தம் ஜெனரேட்டர் சத்தத்தையே அமுக்கிடுச்சு.

எல்லாரும் போனப்புறம், அதுவரைக்கும் பாயில உக்காந்திருந்த இவர் சோஃபாவுல சாஞ்சாரு. சத்தம் வராததும் திடுக்குனு துணியைத் தடவிப் பார்த்தாரு. எனக்கு அதுக்கு மேல தாங்கலை.

"அன்னிக்குக் கத்தினது நான்தான்யா. நீ உரிக்கத்தான் போனே. நான்தான் கையை எடுன்னு..."

"தெரியும்."

"எப்போ தெரியும்?"

"மடங்கின ஓரத்தைப் பார்த்தப்பவே."

"அப்புறம் ஏன்யா சொல்லலை? கெட்டிலுக்கெல்லாம் பழி போட்ட ஆளு நீ! நிஜமாவே பழி போட ஒருத்தி கிடைச்சாளே!"

பழக்கதோஷத்துல மீசை இருந்த இடத்துக்குக் கை போச்சு. வெறும் தோலைத் தடவிக்கிட்டாரு. "சொல்லியிருந்தா அஷார் பூரா உன் பேரைச் சொல்லிச் சிரிப்பாங்க, சாகற வரைக்கும். மீசைன்னா ரெண்டு மாசத்துல வளர்ந்துடும்"னாரு.

இந்த மனுஷனை இருபத்தஞ்சு வருஷமா திட்டினதுல பாதியைத் திருப்பி எடுத்துக்கணும் போல இருந்துச்சு. பாதிதான். டிவி ரிமோட்டை எடுத்தேன். அது மேல இருந்த நைலானைச் சர்ருனு உரிச்சு, ரிமோட்டை அவர் கையில குடுத்தேன்.

அவர் அதைப் பார்த்தாரு, ஃப்ரிட்ஜைப் பார்த்தாரு.

"அது மேல கையை வெச்சே, பாரு"ன்னேன்.